பழைய வண்டிக்குப் புதிய பூட்டு

படித்தவன் கையில் கிரீஸ் படலாமா என்று கேட்பவர்கள் நம் விடுதியிலும் இருக்கிறார்கள். படாமல் என்ன படிப்பு என்று நான் கேட்கிறேன். நண்பர்களே, இந்த வழக்கை ஒரு பிக்கப் வண்டியின் சென்சாரைச் சாட்சியாக வைத்தே பேசிவிடலாம்.

பிழைப்புத் தேடித் திருநெல்வேலிப் பக்கமிருந்து திருவனந்தபுரம் வந்த குடும்பம் எங்களுடையது. என் சித்தப்பா நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் காய்கறி ஏற்றிவந்து, இங்கே சாலைக் கம்போளத்தில் இறக்குகிறார். வண்டி பழையது, ஆனால் ஐந்து வயிறுகளை அதுதான் காக்கிறது. அதற்கு ஒரு விந்தை நோய் வந்தது. காலையில் ஒழுங்காக ஓடும். எஞ்சின் சூடேறி நெய்யாற்றின்கரையை நெருங்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். ஒரு பணிமனையில் கணினிப் பெட்டியையே மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் வண்டியை விற்றுவிடலாம் என்றார் சித்தப்பா.

எஞ்சினில் கிராங்க் தண்டு எந்த நிலையில் சுழல்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்வது ஒரு சிறு சென்சார். அதனுள்ளே இருப்பது என்ன? ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். எதிரே இரும்புப் பல்சக்கரம் சுழலச் சுழலக் காந்தப் பாயம் மாறும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவேயன்றி வேறன்று. தேர்வுத்தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு நாம் எழுதிக் குவிப்பதும் இதைத்தான்! பல வண்டிகளில் அச்சக்கரத்தில் 60 பற்களுக்கு இடமிருக்கும், பற்களோ 58தான். விடுபட்ட அந்த இரண்டின் இடைவெளியைக் கொண்டே கணினி தண்டின் நிலையை அறிகிறது. இந்தச் சைகை நின்றால் டீசல் பாய்வதும் நிற்கும்.

ஸ்கேனரில் வந்த குறி பி 0335. இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். அந்தக் குறி சென்சார் கெட்டது என்று சொல்லவில்லை. சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது. சுற்றில் கம்பியும் உண்டு, இணைப்பானும் உண்டு. ஆகவே மல்டிமீட்டரை எடுத்தோம். குளிர்ந்த நிலையில் சுருளின் மின்தடை சில நூறு ஓம். வண்டி நின்ற சூட்டோடு அளந்தபோது முடிவிலி! சுருளில் விழுந்த மயிரிழை விரிசல் வெப்பத்தில் விலகுகிறது, ஆறினால் சேர்கிறது. நோய் தெரிந்துவிட்டது. (மூன்று கம்பியுள்ள ஹால் வகைச் சென்சாருக்கு இந்த ஓம் சோதனை பொருந்தாது.)

மாற்றியது எங்கள் வீட்டு முற்றத்தில். கைப்பிரேக், சக்கரங்களுக்குக் கல், பேட்டரியின் எதிர்முனை கழற்றல், ஒரே ஒரு போல்ட். பழையதை நெம்பாமல் மெல்லத் திருகி எடுத்து, இருக்கையைத் துடைத்து, ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, அதே எண்ணுள்ள புதியதைப் பொருத்தினோம். கம்பி சைலன்சர் குழாயில் படாதவாறு கட்டினோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதிலும் பாதி நேரம் மல்லாந்து கிடந்து போல்டைத் தேடியதில் போயிற்று. பொருளின் விலை ஒரு நடை வாடகைக்கும் குறைவு.

அப்படியானால் ஏழை வண்டிக்காரனைத் தடுப்பது எது? பொருளின் விலையன்று, பூட்டி வைக்கப்பட்ட அறிவு. எந்தக் குறிக்கு என்ன பொருள், எந்தச் சுருளுக்கு எவ்வளவு ஓம் என்பது கையில் இருந்தால் போதும். இது என் கற்பனைப் புலம்பல் அன்று. உதிரிப் பாகங்களும் கோளாறு காணும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 14 கார் நிறுவனங்கள்மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் நீண்டன. 2022 ஜூலையில் நடுவணரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதில் மோட்டார் வண்டிகளும் சேர்க்கப்பட்டன.

கண்டவனெல்லாம் கைவைத்தால் வண்டி கெடும் என்பார்கள். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பயின்றவரிடமே விடுங்கள். நானும் அதைத்தான் சொல்வேன். புகைச் சோதனையை ஏமாற்றக் கம்பியை வெட்டுபவனுக்கும் நான் வக்கீல் அல்லன். ஆனால் ஒரு சுருளை அளந்து பார்ப்பதற்குமா தடை? விலைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியே இயந்திரம் கற்றவர் கோவை ஜி. டி. நாயுடு. அவர் எந்தக் கல்லூரியில் அனுமதி கேட்டார்?

கம்போளத்துக்கு வரும் நம் ஓட்டுநர்களுக்கு எஞ்சினின் இருமல்கூடப் புரியும். ஸ்கேனரின் ஆங்கிலக் குறிதான் புரிவதில்லை. ஆகவே நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழா மலருக்குச் செலவிடும் தாளில் பத்துப் பக்கம் ஒதுக்குவோம். அடிக்கடி வரும் கோளாறுக் குறிகளையும், அவற்றைச் சோதிக்கும் முறையையும் தமிழில் அச்சிட்டுக் கம்போளத்தில் கொடுப்போம். பி 0335க்கான பக்கத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். மின்னணுவியல் படிக்கும் நண்பர்கள் மற்றவற்றுக்குப் பெயர் கொடுக்கலாம்.