சேற்றுப் புழுவும் பெயரிடும் கலையும்

விலங்கியல் பயிலும் மாணவருட் பலர் இந்நாளில் ஒரு கொள்கையை மேற்கொண்டிருக்கின்றனர். உயிர்களின் அங்கங்களைப் பூதக்கண்ணாடியில் நோக்கி, வரைந்து, அளந்து, வகுத்துப் பெயரிடும் தொழில் பழமைப்பட்டுப் போயிற்று என்பதும், மரபணுவைப் படிக்கும் கருவிகள் வந்தபின் அத்தொழில் வீண் சுமையே என்பதும் அவர்தம் கொள்கை. இது பிழையென்பது எமது துணிபு. சிங்கத்தையோ யானையையோ சாட்சிக்கு அழையாது, கடற்சேற்றில் வாழும் சிறு புழுவொன்றைக் கொண்டே இதனை நிறுவ முயல்வோம்.

ஹாலோமான்ஹிஸ்டெரா டிஸ்ஜங்க்டா என்பது அப்புழுவின் பெயர். அஃது உருளைப்புழுக்களின் கூட்டத்தைச் சார்ந்தது. எனினும், மனிதர் குடலில் உறையும் தன் இனத்தாரைப்போலப் பிறர் உடலை ஒட்டி வாழ்வதன்று. அழுகும் கடற்பாசிகளிலும் சேற்றிலும் நுண்கிருமிகளை உண்டு வாழ்வது. நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே.

இத்துணைச் சிறிய உடலிலும் அமைப்பின் ஒழுங்கு வியக்கத்தக்கது. இரத்தக் குழாய்கள் இல்லை. சுவாச உறுப்பும் இல்லை. தசைகள் நீளவாட்டில் மட்டுமே அமைந்திருத்தலின், புழு வளைந்து நெளிந்தே செல்லும். தலையின் இருபுறமும் வட்ட வடிவான நுகர்பொறி ஒவ்வொன்று உண்டு. நீரிற் கரைந்த பொருள்களை அவற்றால் அறியும். தொண்டைக் குழலை நரம்பு வளையம் ஒன்று சூழ்ந்திருக்கும். வாலின் சுரப்பிகள் பசையொன்றைக் கசியவிட, புழு அதனால் மணலையும் பாசியையும் பற்றிக்கொள்ளும். உறவினங்கள் பலவற்றிற்குச் சூலகம் இரண்டிருக்க, இதன் பெண்ணுக்கு ஒன்றே உண்டு.

இவ்வொற்றைச் சூலகமே பெயருக்குக் காரணமாயிற்று. 1865-ஆம் ஆண்டில் ஹென்றி சார்ல்ட்டன் பாஸ்டியன் என்னும் ஆங்கில வைத்தியர், தனித்து வாழும் உருளைப்புழுக்களில் நூறு புதிய இனங்களை ஒரே நூலில் விவரித்தார். அவற்றுள் ஒன்றாகிய இதனை, 'ஒற்றைக் கருப்பை' எனப் பொருள்படும் மான்ஹிஸ்டெரா என்னும் பேரினத்தில் வைத்தார். பிற்காலத்தார் இதனை, ஹங்கேரி அறிஞர் ஆந்த்ராஷி 1981-இல் வகுத்த, நிலத்தைக் குறிக்கும் ஜியோமான்ஹிஸ்டெராவினுள் சேர்த்தனர். 2006-இல் அவ்வறிஞரே உப்பைக் குறிக்கும் ஹாலோமான்ஹிஸ்டெரா என்னும் பேரினத்தை அமைத்து, இதனை அதனுள் மாற்றினார். பெயர் மாறியது விளையாட்டன்று. ஒவ்வொரு மாற்றமும் அறிவு ஒருபடி தெளிந்ததற்கு அடையாளம்.

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். 2007-இல் வெளிவந்த ஓராய்வில், பெல்ஜிய, நெதர்லாந்துக் கடற்கரைகளில் ஒரே இனமெனக் கருதப்பட்ட இப்புழுவினுள் ஐந்து வெவ்வேறு மரபுவழிகள் மறைந்திருத்தல் மரபணுவால் வெளிப்பட்டது. "கண்ணால் காணாததை மரபணு காட்டியதன்றோ? பூதக்கண்ணாடி தோற்றதன்றோ?" என்று நண்பர் வினவக்கூடும். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2008-இல் அம்மரபுவழிகளின் புழுக்களைக் கருத்துடன் அளந்து ஒப்பிட்டபோது, உருவ அளவுகளிலும் வேறுபாடு புலனாயிற்று. வேறுபாடு அங்கேயே இருந்தது; நாம்தாம் அதனைக் கண்டிலோம். எனவே மரபணு கண்ணைத் தோற்கடிக்கவில்லை. எங்கே நோக்கவேண்டும் என்று கண்ணுக்குக் கற்பித்தது.

"இவற்றால் யாருக்கு என்ன பயன்?" எனின், கூறுவோம். நார்வேக்கு வடமேற்கே ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கந்தகம் செறிந்த சேற்றெரிமலை ஒன்று உளது. அங்கே வாழும் புழுக்களும் முதலில் இவ்வினமெனவே கருதப்பட்டன. பின்னரே அவை தனியினமெனத் தெளிந்து, ஹாலோமான்ஹிஸ்டெரா ஹெர்மெசி என்னும் பெயர் பெற்றன. தாயின் உடலுள்ளேயே முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வளர்தல் அச்சேற்றின் கொடுமைக்கேற்ற வாழ்க்கை முறை. இவ்விரண்டையும் ஒன்றெனவே கொண்டிருந்தால், கரையோரப் பாசியில் வாழும் புழு கந்தகச் சேற்றையும் பொறுக்கும் என்று முடிவு செய்திருப்போம். சேற்றின் நலத்தை அதில் வாழும் புழுக்களைக்கொண்டு மதிப்பிடுவோர்க்குப் பெயர் பிழைத்தால் தீர்ப்பும் பிழைக்கும்.

மரபணு எழுத்துக்களின் வரிசை மட்டும் கையிலிருந்தால் அது விலாசமற்ற கடிதத்தை ஒக்கும். இன்ன உருவுடையது, இன்னவிடத்து வாழ்வது, இன்ன பெயருடையது என்று காட்டும் புழு ஒன்று கண்ணாடித் தகட்டில் பாதுகாக்கப்பட்டிருந்தாலன்றி அக்கடிதம் யாரைச் சேரும்? அத்தகட்டை ஆக்குவதும், அதன் படத்தை வரைவதும், அதனைப் படித்தறிவதும் கையாலும் கண்ணாலும் பழகியே வரவேண்டிய திறன்கள். அவற்றைக் கற்றவர் ஓய்வு பெறுமுன் கற்பவர் எழாவிடின், நூல்கள் இருந்தும் அவற்றைப் படிப்பார் இரார்.

ஆதலின் நம் விலங்கியற் கூடத்தில் வரைபடப் பயிற்சியைக் குறைக்கவேண்டா எனவும், ஆண்டுக்கொரு முறையேனும் மாணவர் கடற்கரைக்குச் சென்று ஒரு பிடி சேற்றைக் கொணர்ந்து ஆராயவேண்டும் எனவும் விண்ணப்பிக்கின்றோம். மரபணுக் கல்வியை வேண்டாவென்பார் அல்லேம். இரண்டும் ஒரே மேசையில் இருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. உயிர்களுக்குப் பெயரிடும் பணி முதல் மனிதனுக்கே அளிக்கப்பட்டதாக ஆதியாகமம் கூறுகின்றது. அப்பணி இன்னும் முற்றவில்லை. நம் காலடிச் சேற்றில் பெயரற்ற உயிர்கள் பல காத்திருக்கின்றன.