பூடான் படை: ஆணை மன்னருடையது, பயிற்சி இந்தியாவுடையது
பூடான் ராணுவத்தை வழிநடத்தும் அதிகாரியின் பதவிப் பெயர் 'தலைமைச் செயல்பாட்டு அதிகாரி' என்பதே. உச்ச தளபதி மன்னர்தான் என 2008-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் வரையறுக்கிறது. 2003 டிசம்பரில், தெற்குக் காடுகளில் பதுங்கியிருந்த இந்தியத் தீவிரவாதக் குழுக்களை வெளியேற்றும் நடவடிக்கைக்கு அப்போதைய மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் நேரடியாகத் தலைமை வகித்தார்.

எனினும், விமானப்படை இல்லாத அந்நாட்டின் வீரர்களுக்கு 1960-களிலிருந்து இந்திய ராணுவக் குழுவே பயிற்சி அளித்து வருகிறது. பூடான் உரிமை கோரும் டோக்லாமில் 2017-இல் சீனா சாலை அமைக்க முற்பட்டபோது, 73 நாட்கள் எதிர்நின்றவர்கள் இந்திய வீரர்களே.

ஆணையிடும் உரிமை முழுமையாக மன்னரிடம் உள்ளது. அதை நிறைவேற்றும் வலிமையோ அண்டை நாட்டையும் சார்ந்துள்ளது. சீனாவுடன் எல்லைப் பேச்சு நடத்தும் திம்பு, இந்த இடைவெளியை மனத்தில் கொண்டே ஒவ்வோர் அடியையும் எடுத்து வைக்க வேண்டியுள்ளது.