கையில் ஆறு, கேட்டது இருபது



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடையுமுன் வருவது உதியன்குளங்கரை. அப்பக்கத்து ஊர்களில் பிறந்து, பிழைப்பின்பொருட்டு அயல்நாடுகளில் குடியேறிய நம்மவர் விடுமுறை நாளில் நால்வர் கூடினால், ‘இருபத்தெட்டு’ ஆடச் சீட்டுக்கட்டு வெளிவருவது இயல்பு. அவ்வாட்டத்தில் நல்ல கை வந்துவிட்டால் செய்யத்தக்கது யாது என்பதே இத்திங்கள் நாம் பேசக் கருதிய பொருள். கெட்ட கை வந்தவன் தானே அடங்கிவிடுவான். நல்ல கை வந்தவனுக்கே அறிவுரை வேண்டியிருக்கிறது.

அயல்நாட்டிலே பிறந்த பிள்ளைகளுக்காக ஆட்டமுறையைச் சுருங்கச் சொல்வோம். ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ஏனையவற்றுக்கு ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 7 ஆக, நான்கு சாதிக்கும் 28. எதிரெதிரே அமர்ந்தவர் கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு 4 சீட்டுகளே கிடைக்கும். அவற்றை மட்டும் நம்பி 14 முதல் கேள்வி கேட்கவேண்டும். மிகுதியாகக் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைத்த பின்னரே எஞ்சிய 4 சீட்டுகள் வரும். யாழ்ப்பாணத்தார் ஆடும் ‘முந்நூற்று நான்கு’ இதற்கு உடன்பிறப்பு. அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20.

எம் இளமையில் ஒருநாள், ஆட்டீனில் ஜாக்கி, ஒன்பது, ஆசு மூன்றும், இஸ்பேட் ராஜாவும் முதற்கையிலேயே வந்தன. மகிழ்ச்சி தாங்கவில்லை. கூட்டாளியாக இருந்த மாமாவின் முகத்தையும் நோக்காமல், 20 என்று கேட்டுவிட்டோம். மற்ற மூன்று ஜாக்கிகளும் எதிரிகளிடம் இருந்தன. தோல்வியின் அடையாளமாகப் பலாவிலையைச் சுருட்டிக் காதில் குணுக்கு மாட்டினார்கள். தம் காதிலும் ஒன்றை மாட்டிக்கொண்ட மாமா சொன்னார்: “மக்களே, உன் கையில் இருந்தது ஆறு, நீ கேட்டது இருபது. பாக்கி பதினாலையும் யாரிடம் கடன் வாங்க எண்ணினாய்?”

அக்கேள்விக்கு விடை கணக்கில் உள்ளது. நம் கையின் நான்கு போகக் காணாத சீட்டுகள் 28. அவற்றுள் நமக்கு 4, கூட்டாளிக்கு 8, ஆக 12 நம் பக்கம் வரும். 16 எதிர்ப்பக்கம் போகும். வெளியேயுள்ள 22 புள்ளிகளில் ஏழில் மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ 9, நமக்கு வரலாம். கையில் இருக்கும் 6 சேர்ந்தால் 15. துருப்பின் வலியால் ஒன்றிரண்டு கூடலாம். ஆகவே 16, 17 வரை துணிவு, அதற்குமேல் பேராசை. கூட்டாளியும் கேள்வி கேட்டுத் தம் வலிமையை அறிவித்திருந்தால் மட்டுமே மேலும் ஏறலாம்.

மேனாட்டார் பந்தயங்களில் ஆடும் போக்கரிலும் இதே உண்மையைக் காண்கிறோம். அங்கு முதலில் வருவன இரண்டே சீட்டுகள். அவ்விரண்டும் ஆசுகளாக அமைவது 221 முறைக்கு ஒருமுறை. அதனினும் சிறந்த முதற்கை இல்லை. ஆயினும், எதிரி ஒருவனே நின்றாலும் நூற்றுக்குப் பதினைந்து முறை அது தோற்கும். ஒன்பது பேரும் இறுதிவரை நின்றால் வெல்வது மூன்றில் ஒரு பங்களவே. ஆதலின், தேர்ந்த ஆட்டக்காரர் தொடக்கத்திலேயே பந்தயத்தை உயர்த்தி, எதிரிகளை ஒருவர் இருவராகக் குறைத்துவிடுவர். நடுவில் விரியும் சீட்டுகள் அபாயம் காட்டினால், ஆசுகளையும் கீழே வைக்கத் தயங்கார். வில்லைகள் முழுதும் போனால் பந்தயத்தைவிட்டே வெளியேறவேண்டுமன்றோ?

இதனை இவ்வளவு விரிப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஆட்டத்தில் தோற்றவனுக்குக் கிடைத்தது இலைக்குணுக்கு. இன்று கைப்பேசியில் பணம் வைத்து ஆடுபவனுக்கோ, ஊருக்கு அனுப்பவேண்டிய சம்பளமே போகிறது. “இத்தனை நல்ல கை தோற்குமா?” என்ற எண்ணமே அவனைக் கடனுக்கு இழுக்கிறது. திறமை ஆட்டமாயினும் இணையவழிப் பணஆட்டம் கூடாதென இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. நாம் வாழும் நாடுகளின் சட்டம் எதுவாயினும், வீட்டின் காவல் பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

எனவே, பிள்ளைகளிடமிருந்து சீட்டுக்கட்டை ஒளிக்கவேண்டா. அடுத்த விடுமுறையில் அவர்களை அருகமர்த்தி இருபத்தெட்டு கற்பியுங்கள். எண்ணிப் பார்த்துக் கேட்கவும், கூட்டாளியை மதிக்கவும், நல்ல கையிலும் ஓர் எல்லையில் ‘பாஸ்’ என்று சொல்லவும் பழகட்டும். தோற்றால் குணுக்கு மாட்டுங்கள். நீங்கள் தோற்றால் நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள்.