மார்கழியில் காலியாகக் கிடக்கும் மண்டபங்கள்



போன மாதம் சென்னையில் மகன் வீட்டில் இருந்தபோது பேரன் ஒரு கச்சேரிக்குக் கூட்டிப் போனான். அறுபது பேர் நின்றால் நிறைந்துவிடும் மாடி அறை. நான்கு பிள்ளைகள் வாசித்தார்கள். கித்தார், கீபோர்டு, டிரம்ஸ், கூடவே நம்ம பக்கத்துக் கணியான் கூத்தில் அடிக்கிற மகுடம்! சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை. பல்லவி, சரணம் எதுவும் கிடையாது. ஒரு பாட்டு பதினைந்து நிமிடம் ஓடியது.

ஊருக்கு வந்து சொன்னேன். "அது பாட்டா சார், வெறும் இரைச்சல்லா" என்றார் அண்ணாச்சி ஒருவர். நம் வயதுக்காரர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பு எய்யும் வில்லையும் தண்ணீர் எடுக்கும் குடத்தையும் வாத்தியம் ஆக்கியவர்கள் நம் முன்னோர். அது சோதனை இல்லையா? சுடலைமாடன் கதை பாடிய வில்லில் காந்தி கதையைப் பாடினார் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவருக்கு எழுதிக் கொடுத்தவர் நம்ம சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு அது. பண்டிதர் அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து பெயர் வைத்தார்கள். சாவு வீட்டுப் பாட்டு என்று பலர் ஒதுக்கிவைத்த கானா, ராக்கோடும் ராப்போடும் சேர்ந்து சாதியைக் கேள்வி கேட்டது.

அன்று மாடி அறையில் கேட்டதெல்லாம் எனக்குப் பிடித்ததா? இல்லை. இரண்டு பாட்டுக்குக் காதைப் பொத்திக்கொண்டேன். சோதனை என்றால் சிலது தோற்கத்தான் செய்யும். தோற்பதற்கும் ஓர் இடம் வேண்டுமே! லட்சக்கணக்கில் செலவழித்து மேடை போடுகிறவர் தெரிந்த பாட்டைத்தான் பாடச் சொல்வார். அறுபது பேர் அறையில் அந்தப் பயம் கிடையாது. அதனால்தான் சின்ன இடம் முக்கியம்.

நம்ம பகுதியில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? கொடைக்குக் கணியான் கூத்து வைத்தாலும், அதைச் சுருக்கிவிட்டு மெல்லிசைக் குழுவுக்கு நேரம் ஒதுக்குகிறோம். என்னிடம் படித்த ஒரு பையன், மகுடம் அடிக்கும் வீட்டுப் பிள்ளை, அருமையாக வாசிப்பான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மகுடம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. சென்னை மாடி அறையில் கைதட்டு வாங்கிய அதே வாத்தியம்தான் அது.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலியாகத்தானே கிடக்கின்றன? மாதத்தில் ஒரு சாயங்காலம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். கரண்டுக் காசை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலிகூட வேண்டாம். பத்தமடையில் பாய்க்கா பஞ்சம்?

மண்டபம் வைத்திருக்கும் அன்பர்கள் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். ஆள் சேர்க்கிற வேலை என்னுடையது.