லோன் சாருக்கு எதற்கு நாற்காலி?

நம் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா இந்த வாரம் இரண்டு நாள் வரவில்லை. காய்ச்சலா என்று கேட்டால், "இல்ல சார், குழு லோன்" என்றார்.

பட்டாபிராமில் பத்துப் பெண்கள் சேர்ந்து வாங்கிய கடன். குழுத் தலைவி இவர்தான். ஒருத்தியால் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வந்த 'லோன் சார்' கத்தவில்லை, கை ஓங்கவில்லை. தலைவி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். "அவங்க கட்டட்டும்மா, நான் கிளம்பிடறேன்." இரவு ஒன்பதரை ஆயிற்று. ஒன்பது பெண்களும் அடுப்பை அணைத்துவிட்டு, தவணை கட்டாதவள் வாசலில் போய் நின்றார்கள். அங்கே பேசிய பேச்சை இங்கே அச்சிட முடியாது. மறுநாள் காலை அவள் கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

கடன் வசூல் அடாவடிக்கு எதிராக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார் துணை முதல்வர் உதயநிதி. ஜூனில் ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தது. 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பலே! ஆனால், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவரை எந்தப் பிரிவில் உள்ளே தள்ளுவது? மிரட்டும் வேலையைத்தான் அக்கம்பக்கத்துப் பெண்களிடமே சம்பளமில்லாமல் ஒப்படைத்துவிட்டாரே!

இந்தக் குழுக் கடன்களுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூல் தொந்தரவு கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவளுக்கு அந்த விதி தெரியாது. லோன் சாருக்குத் தெரியும். தெரிந்துதான் ஏழரைக்கு வருகிறார்.

கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்ததுதான். மனு மேல் மனு கொடுத்துப் பார்த்த ஒரு குடும்பம், 2017-ல் நெல்லை கலெக்டர் அலுவலகத்திலேயே தீக்குளித்தது. சட்டம் அப்போதும் புத்தகத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

அந்த அம்மாவிடம் கடன் காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து ஆங்கிலம். அதில் தமிழில் இருந்தது அவருடைய கையெழுத்து மட்டும்தான்! கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். தமிழ், தமிழ் என்று மேடையில் முழங்குகிறவர்கள் முதலில் இந்த ஒரு காகிதத்தைத் தமிழாக்கட்டும். ஒன்பது மணி, ஆறு மணி கணக்கைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஒட்டட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் போய் நிற்கத்தான் வேண்டாம். அடுத்த மாதம் அந்த வாசல் உங்களுடையதாக இருக்கலாம். இருட்டிய பிறகு லோன் சார் வந்தால் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். நாற்காலி மட்டும் போடாதீர்கள்.