ஒதுக்கிவிட்டு ஒத்துழைப்பைக் கேட்கலாமா?

2020 மார்ச்சில் கொவிட்-19 நாட்டில் பரவத் தொடங்கியபோது எமது பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஜும்ஆ நின்றது. அந்த ரமழானில் தராவீஹையும் வீட்டிலேயே தொழுதோம். மனம் கனத்தாலும் உலமாக்களின் வழிகாட்டலை ஏற்று சமூகம் ஒத்துழைத்தது.

அதே சமூகத்தில் பலர், சில மாதங்களில் பீசீஆர் பரிசோதனை என்றதும் ஏன் தயங்கினார்கள்?

2020 ஏப்ரல் 11 வர்த்தமானி, கொவிட் ஜனாஸாக்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் அரசு கேட்கவில்லை. பிறந்து 20 நாளேயான பச்சிளம் குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி அழுதார்கள். மவுத்தை விட, எரிக்கப்படுவோம் என்பதே பெரிய பயமாகிப் போனது. காய்ச்சலை மறைத்தவர்களும், வைத்தியசாலைக்குப் போக அஞ்சியவர்களும் இருந்தார்கள். உடனே "முஸ்லிம்கள் ஒத்துழைப்பதில்லை" என்றார்கள் சிலர். விளைவைக் காட்டி, காரணத்தை மறைத்த பேச்சு அது.

உளவியல் ஆய்வும் இதையே சொல்கிறது. ஜீன் ட்வெங்கி, ரோய் பௌமெய்ஸ்டர் உள்ளிட்டோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒதுக்கப்பட்டதாக உணரவைக்கப்பட்டவர்கள் குறைவாகவே நன்கொடை கொடுத்தார்கள். பிறருக்கு உதவவும், கூட்டாகச் செயற்படவும் பின்வாங்கினார்கள். வகுப்பறையில் ஆசிரியர்கள் நாம் காண்பதும் அதுதான். குழுவில் சேர்க்கப்படாத பிள்ளை குழு வேலைக்குக் கைகொடுக்காது. அதைத் திமிர் என்று தண்டித்தால் இன்னும் விலகிப் போகும்.

சேர்த்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2021 பெப்ரவரியில் அடக்க அனுமதி கிடைத்தது. மார்ச் முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் 3,600க்கும் அதிகமான உடல்கள் அடக்கப்பட்டன. அவற்றுள் ஏனைய சமயத்தவர்களும் இருந்தார்கள். எரிப்பால் நொந்துபோன சமூகமே அந்த மண்ணில் பிறருக்கும் இடம் கொடுத்தது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. நல்லது. ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாகாத வரை, அடுத்த தொற்று வரும்போது சுகாதாரப் பரிசோதகர் தட்டும் கதவு அச்சத்தோடுதான் திறக்கும்.

இந்தக் கேள்வியை அரசிடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள முடியாது. கொள்கை வேறுபாட்டுக்காக ஒரு குடும்பத்தை மஹல்லாவிலிருந்து ஒதுக்கிவிட்டு, கூட்டு ஸகாத்துக்கும் ஊர் வேலைக்கும் அவர்கள் வரவில்லை என்று குறை சொல்கிறோம். நிர்வாகக் கூட்டத்தில் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இடமில்லை. வேலைக்கு மட்டும் அவர்கள் வேண்டும்.

எமக்குச் செய்யப்பட்டபோது அநியாயம் என்றோம். நாம் செய்தாலும் அதற்கு அதே பெயர்தான். அடுத்த ஜும்ஆவுக்குப் பின், ஊரில் ஒதுங்கி நிற்கும் ஒருவரிடம் நாமாகப் போய் ஸலாம் சொல்வோம். ஒத்துழைப்பை அதன் பிறகு கேட்கலாம்.