தோற்ற கோச்சுக்கு 10 வருட ஒப்பந்தம்!

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஹெல்மெட் போட்டவர்கள் முட்டி மோதி முன்னேறும் ஆட்டம். அந்த ஆட்டத்தில் டாம் லேண்ட்ரி என்ற பெயருக்குத் தனி மரியாதை உண்டு.

1924-ல் டெக்சாஸ் மாநிலத்தின் மிஷன் என்ற சிற்றூரில் பிறந்தவர். கல்லூரியில் சேர்ந்த நேரத்தில் இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்தது. விமானப்படையில் இருந்த அண்ணன் ராபர்ட், பி-17 குண்டுவீச்சு விமானத்தில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் வட அட்லாண்டிக் கடலோடு போய்விட்டார். தம்பியும் அதே விமானப்படைக்குத்தான் போனார். அதே பி-17 விமானத்தில் துணை விமானி ஆனார்!

ஐரோப்பிய வானில் 30 முறை பறந்தார். ஒருமுறை எரிபொருள் தீர்ந்து, பெல்ஜியத்தில் விமானம் மரங்களுக்கு நடுவே விழுந்தது. இறக்கைகள் முறிந்தன. ஆனால், உள்ளே இருந்த அத்தனை பேரும் நடந்தே வெளியே வந்தார்கள். அப்போது லேண்ட்ரிக்கு 20 வயதுதான்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர், படிப்பையும் ஆட்டத்தையும் விட்ட இடத்தில் தொடர்ந்தார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் தடுப்பு வீரர்; ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். 1960-ல் புதிதாகத் தொடங்கிய டல்லாஸ் கௌபாய்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

முதல் வருடம் 12 ஆட்டங்கள். 11-ல் தோல்வி, ஒன்று டிரா. நான்கு வருடங்களில் மொத்தமே 13 வெற்றிகள். 'ஆளை மாற்று' என்று குரல்கள் கிளம்பின. அணியின் உரிமையாளர் கிளின்ட் மர்ச்சிசன் என்ன செய்தார் தெரியுமா? 1964-ல் லேண்ட்ரிக்கு மேலும் 10 வருட ஒப்பந்தம் கொடுத்தார்!

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1966 முதல் 1985 வரை, தொடர்ந்து 20 சீசன்களிலும் தோல்வியைவிட வெற்றியே அதிகம். இரண்டு சூப்பர் பௌல் கோப்பைகளும் வந்தன. கோட்டு, தலையில் தொப்பி, ஜெயித்தாலும் தோற்றாலும் மாறாத முகம் - மைதான ஓரத்தில் நின்ற அந்த உருவம் அமெரிக்கா முழுக்கப் பிரபலம்.

காலம் மாறியது. கடைசி மூன்று சீசன்களும் சறுக்கின. 1989-ல் அணியை வாங்கிய புதிய முதலாளி, முதல் வேலையாக லேண்ட்ரியை வீட்டுக்கு அனுப்பினார். 29 சீசன்கள் ஒரே நாளில் முடிந்துபோயின. ஆனால், டல்லாஸ் மக்கள் அவரை அப்படி அனுப்பத் தயாராக இல்லை. சில வாரங்களில் நகரமே திரண்டு, ஊர்வலம் நடத்தி அவரைக் கொண்டாடியது.

2000-ல் ரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அந்த சீசன் முழுக்க கௌபாய்ஸ் வீரர்களின் சட்டையில் ஒரு சின்னம் இருந்தது. அது, அவருடைய தொப்பி!